ஒரு பாத்திரம் போதும்

(பௌர்ணமி உபோசத நாளில் நிகழ்த்திய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி அமர்ந்திருக்கிறோம். இந்நன்னாளில் நிர்வாணத்தைப் பற்றியோ பன்னிரு நிதானங்களைப் பற்றியோ கேட்கலாம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். யான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. நம் வீட்டு மேசைமேல் கிடக்கும் குறிப்பு நோட்டையும், சுவரில் தொங்கும் நாட்காட்டியையும், சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியையும் பற்றியது அது. கடமைகளை மறவாதிருக்க நாம் வைத்துக்கொள்ளும் இக்கருவிகள் எளியனவாய் இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய உரை. சிறு பொருள்தானே என்று இகழ வேண்டா. இதில் யான் ஒருமுறை இடறி விழுந்திருக்கிறேன். விழுந்த இடத்தைக் காட்டுவது பின்வருவோர்க்கு நலமாகலின், அதனை முதற்கண் கூறிவிடுகிறேன்.

யான் இளைஞனாயிருந்த காலத்தில், நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒரு சிறிய சங்கத்திற்குக் காரியதரிசியாகத் தெரிந்தெடுக்கப்பட்டேன். எனக்கு முன்பு அப்பொறுப்பை வகித்தவர் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர். அவர் என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு நீள நோட்டு. அதில் குடும்பத்திற்கு ஒரு பக்கம். சந்தா செலுத்தியது, குழந்தை பிறந்தது, நூல் வாங்கிச் சென்றது, கூட்டத்திற்கு வராதது எல்லாம் அந்தப் பக்கத்திலேயே, பென்சிலால், கோணல் எழுத்தில் இருந்தன. கல்வி கற்ற எனக்கு அது பெருங்குறையாகத் தோன்றிற்று. ஒரே மாதத்தில் ஏழு பதிவேடுகளை ஏற்படுத்தினேன். உறுப்பினர், சந்தா, வருகை, நூலகம், விழாச் செலவு, கடிதப் போக்குவரத்து, நோயுற்றோர் என ஏழு. ஒவ்வொன்றிற்கும் ஒரு நிற அட்டை. முன்பக்கத்தில் அகராதி வரிசையில் பொருளடக்கம். சிவப்பு மைக்கு ஒரு பொருள், பச்சை மைக்கு வேறொரு பொருள். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டிற்குப் பெயர்த்தெழுதுவேன். வந்தவர் யாவரும் பாராட்டினர். யானும் மகிழ்ந்தேன்.

கணவனை இழந்து தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டி எங்கள் சங்கத்தில் இருந்தார். அவர் மூன்று பௌர்ணமிக் கூட்டங்களுக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் மூன்று முறை சிவப்பு மையால் குறித்தேன். சந்தாப் பதிவேட்டில் மூன்று மாதப் பாக்கி என்று எழுதினேன். நூலகப் பதிவேட்டில் தவணை கடந்துவிட்டது என்று பச்சை மையால் கோடிட்டேன். பின்னர் முறைப்படி, நூலைத் திருப்பித் தருமாறு ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதி, அக்கடிதத்தின் நகலைக் கடிதப் போக்குவரத்து ஏட்டில் சேர்த்தேன். நோயுற்றோர் ஏட்டில் அவர் பெயர் இல்லை. ஏனெனில் அவர் நோயுற்றிருப்பதாக எவரும் என்னிடம் கூறவில்லை.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் அந்நூலைக் கொண்டுவந்து கொடுத்தான். பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இரண்டரை மாதமாய்ப் படுக்கையில் இருப்பதாகச் சொன்னான். ஓடினேன். இருட்டறையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த அந்த அம்மையார் என்னைக் கண்டதும், "தம்பி, புத்தகத்தைக் காலத்தில் அனுப்பாததற்கு மன்னிக்க வேணும். யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் போய்விட்டது" என்றார். யான் பதில் சொல்ல இயலாமல் நின்றேன்.

அன்பர்களே! என் ஏழு ஏடுகளில் மூன்று ஏடுகள் அவர் பெயரைத் தாங்கியிருந்தன. மூன்றும் உண்மையையே கூறின. ஆயினும் மூன்றையும் ஒருங்கே காணும் கண் எனக்கு இல்லாமற் போயிற்று. அந்த முதியவரின் கோணல் நோட்டாயிருந்தால், வராமையும் பாக்கியும் திரும்பாத நூலும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாய் நின்றிருக்கும். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அன்று மாலையே அவ்வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்.

அன்றிரவு விநயபிடகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சைச் சுட்டது. பகவன் புத்தர் ஆனந்த தேரரோடு பிக்குகளின் உறைவிடங்களைப் பார்த்து வருகையில், வயிற்றுக் கடுப்பினால் வருந்திய ஒரு பிக்கு தம் மலமூத்திரத்திலேயே விழுந்து கிடப்பதைக் கண்டார். ஏன் உம்மைப் பேணுவார் எவருமிலர் என்று வினவினார். தாம் பிறருக்கு ஒன்றும் செய்ததில்லை. ஆகவே தம்மை எவரும் பேணவில்லை என்றார் அவர். பகவன் ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே நீர் வார்க்க ஆனந்தர் கழுவினார். தலைப்புறம் பகவனும் கால்புறம் ஆனந்தரும் பற்றித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கேட்டு, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிவிடை செய்க என்று பணித்தார். அப்பிக்குவைக் கண்டறியப் பகவன் எந்த ஏட்டையும் புரட்டவில்லை. நடந்து சென்று பார்த்தார்.

அப்படியாயின் ஏடே வேண்டாவோ என்று நீங்கள் வினவலாம். வேண்டும். மறதி மனித இயல்பு. அதற்கு ஊன்றுகோல் தேவை. எண்வகை நன்னெறியில் ஏழாவதாகிய ஸம்மா ஸதியைத் தமிழில் நற்கடைப்பிடி என்கிறோம். ஸதி என்னும் பாலிச் சொல்லின் மூலப்பொருள் நினைவு என்பதே. நம் பழைய உரையாசிரியர்களும் கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்றே பொருள் கொண்டனர். மறவாமை ஓர் அறம். அதற்குத் துணையாவது குறிப்பேடு. ஆனால் ஊன்றுகோல் உடலினும் கனமாகிவிட்டால் அதனைச் சுமப்பதற்கே மற்றொரு கோல் வேண்டியதாகிவிடும். கருவி எவ்வளவு பெரியதாயிருக்கலாம் என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இதற்கு விடை பிக்குவின் வாழ்விலேயே இருக்கிறது. அவருக்குரிய பரிக்காரங்கள் எட்டு. மூன்று சீவரங்கள், ஒரு பிச்சைப் பாத்திரம், ஒரு சவரக்கத்தி, ஓர் ஊசி, ஓர் இடைக்கச்சு, ஒரு நீர்வடிகட்டி. ஒவ்வொன்றும் ஒரு தெளிவான வேலையைச் செய்கிறது. சீவரம் உடலை மூடுகிறது. ஊசி கிழிந்த சீவரத்தைத் தைக்கிறது. வடிகட்டி நீரிலுள்ள சிற்றுயிர்களைக் காக்கிறது. காரணமின்றி ஒன்றும் இல்லை. வேண்டியது ஒன்றும் விடுபடவில்லை. பறவை எங்கே பறந்தாலும் தன் சிறகுகளை மட்டுமே சுமையாகக் கொண்டு பறப்பது போலப் பிக்கு செல்கிறார் என்று தீகநிகாயம் உவமிக்கிறது.

எட்டு மட்டுமே என்று வகுத்த பின்னரும் மனித மனம் சும்மா இருக்கவில்லை. சில பிக்குகள் பாத்திரங்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கினர். கண்ட மக்கள், இவர்கள் பாத்திரக் கடை வைக்கப் போகிறார்களோ என்று ஏளனம் செய்தனர். ஆகவே மிகைப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாகாது என்ற விதி பிறந்தது. அப்பொழுது ஆனந்தருக்கு ஒரு மிகைப் பாத்திரம் கிடைத்தது. அதனைச் சாரிபுத்தருக்கு அளிக்க விரும்பினார். சாரிபுத்தரோ சாகேத நகரில் இருந்தார். அவர் எப்பொழுது வருவார் என்று பகவன் கேட்க, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வருவார் என்று விடை வந்தது. அதன்மேல் மிகைப் பாத்திரத்தைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என்று பகவன் இசைந்தார். விதி எவ்வளவு உறுதியானது, எவ்வளவு கனிவானது என்று பாருங்கள்! பிறருக்குக் கொடுப்பதற்காகக் காத்திருக்கும் நாட்களே அந்தப் பத்து நாட்கள். மற்றொரு விதி, ஐந்து இடங்களிலேனும் ஒட்டுப்போடாத பாத்திரத்தை உடையவர் புதிய பாத்திரம் கேட்டுப் பெறலாகாது என்கிறது.

ஊசிக்கூட்டின் கதை இதனினும் சுவையானது. கபிலவத்துவில் தந்தவேலை செய்யும் ஒருவன், ஊசிக்கூடு வேண்டும் பிக்குகள் தன்னிடம் கேட்கலாம் என்று பக்தியோடு கூறினான். பிக்குகள் பலர் கேட்டனர். சிறிய கூடு உடையவர் பெரியது கேட்டனர். பெரியது உடையவர் சிறியது கேட்டனர். அவன் ஊசிக்கூடு கடைந்து கொடுப்பதிலேயே பொழுது போயிற்று. விற்பனைக்குரிய பொருளைச் செய்ய இயலவில்லை. அவன் மனைவி மக்கள் வருந்தினர். இதனை அறிந்த பகவன், எலும்பாலும் தந்தத்தாலும் கொம்பாலும் ஊசிக்கூடு செய்வித்துக்கொள்ளலாகாது. செய்வித்தால் அதனை உடைத்தெறிய வேண்டும் என்று விதித்தார். துணி தைப்பதற்கு ஊசி; ஊசியை வைப்பதற்குக் கூடு. தையல் மறந்து கூட்டின் அழகில் மனம் சென்றதனால் ஒரு குடும்பம் பட்டினி கிடந்தது. சிறியதை வைத்துக்கொண்டு பெரியதையும், பெரியதை வைத்துக்கொண்டு சிறியதையும் விரும்பிய அந்த மனம் நம்மிடம் இல்லையா? கைப்பேசியில் நாட்குறிப்புச் செயலி ஒன்றை வைத்துப் பத்து நாள் எழுதுகிறோம். அதனினும் சிறந்தது வந்துவிட்டது என்று நண்பர் கூறக் கேட்டு, எழுதியவற்றையெல்லாம் அதற்கு மாற்றுகிறோம். மாற்றும் நாளில் அக்குறிப்புகளில் சொல்லப்பட்ட வேலை ஒன்றேனும் நடந்ததா?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். பிக்குகளுக்கு 227 விதிகள். நால்வகை வாய்மை, எண்வகை நெறி, பன்னிரு நிதானம் என்று தம்மமே பட்டியல் மயமாயிருக்க, எளிமையைப் பற்றி நாம் எங்ஙனம் பேசலாம் என்று கேட்கலாம். இக்கேள்வியை ஒரு பிக்குவே பகவனிடம் எழுப்பியிருக்கிறார். வைசாலியில் மகாவனத்துக் கூடாகார மண்டபத்தில் வஜ்ஜி நாட்டுப் பிக்கு ஒருவர் பகவனை அணுகி, பதினைந்து நாளுக்கொருமுறை ஓதப்படும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விதிகளைத் தம்மால் பயில இயலவில்லை என்று முறையிட்டார். பகவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்றைப் பயில இயலுமா என்று கேட்டார். ஒழுக்கம், மனவொருமை, ஞானம் ஆகிய மூன்று. இயலும் என்றார் அவர். அம்மூன்றைப் பயின்றால் ஆசையும் வெகுளியும் மயக்கமும் தாமே நீங்கும் என்று அருளினார். நூற்றைம்பதும் பொய்யல்ல, அவை அந்த மூன்றின் விரிவு. சுமக்க இயலாதவனுக்கு விரிவைக் கொடுப்பது அருளாகாது. மேலும், தம்மத்தின் தொகைகள் ஓதி மனத்தில் வைப்பதற்காக அமைந்தவை. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் எழுதப்படும் வரை, திரிபிடகம் முழுவதும் பிக்குகளின் நாவிலேயே வாழ்ந்தது. நாலு, ஐந்து, எட்டு என விரல்விட்டு எண்ணும் சிறு தொகைகளாய் இருந்தமையால் அன்றோ அவை அழியாமல் நின்றன!

இல்லறத்தாருக்கும் பகவன் இத்தகைய எளிய அளவையே தந்தார். கோலிய நாட்டுத் தீகஜாணு என்பவன், தான் மனைவி மக்களோடு வாழ்ந்து சந்தனம் பூசி மகிழ்பவன். தன்னைப் போன்றோர்க்கு நலம் தருவது யாது என்று கேட்டான். முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்த வாழ்க்கை என நான்கினைப் பகவன் கூறினார். தராசு பிடிப்பவன் தட்டு இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அறிவது போல, வரவையும் செலவையும் அறிந்து வாழ்க என்றார். சிகாலனுக்கு உரைத்த அறவுரையிலோ பொருளை நான்கு பங்காக்கி, ஒரு பங்கை நுகர்ந்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, நான்காவதை ஆபத்துக்கு வைக்குமாறு வழிகாட்டினார். தராசுக்குத் தட்டு இரண்டு. பொருளுக்குப் பங்கு நான்கு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இந்தக் கணக்கைப் போடலாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் விளங்கும் கணக்கு, அவர் நோயில் விழுந்த அன்று எவருக்கும் விளங்காக் கணக்காகிவிடுகிறது.

கருவி நம் தியானத்தையும் விழுங்க வல்லது. இளைஞர் ஒருவர் வருத்தத்தோடு என்னிடம் வந்தார். நாள்தோறும் தியானம் செய்து கைப்பேசியில் பதிந்து வந்தாராம். எண்பது நாள் இடைவிடாமல் நடந்ததாம். ஓர் இரவு தவறியதால் எண்ணிக்கை மீண்டும் சுழியாகிவிட்டதாம். இனித் தொடர மனமில்லை என்றார். அவ்விரவு என்ன செய்தீர் என்று கேட்டேன். மருத்துவமனையில் தந்தையின் கட்டிலருகே விழித்திருந்து, அவர் மூச்சு சீராக வருகிறதா என்று விடியும்வரை கவனித்திருந்ததாகக் கூறினார். தம்பி, மூச்சைக் கவனித்திருத்தலும் அன்பும் ஒருங்கே நிறைந்த அவ்விரவை உம் கருவி சுழி என்று கணக்கிட்டது; நீரும் அதனை நம்பிவிட்டீரே என்றேன். அவர் கண் கலங்கிற்று. கருவி எண்ணத் தெரிந்ததை மட்டும் எண்ணும். எண்ணப்படாதது நடக்கவே இல்லை என்று நாம் கொள்ளும்போது, அளவுகோல் நமக்கு ஆசானாகிவிடுகிறது.

ஆகவே உபாசகர்களாகிய நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கிறேன். விநய விதிகள் பிக்குகளுக்கு உரியவை. நம்மைக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் அவற்றின் கருத்தை நாம் கடன் வாங்கலாம்.

முதலாவது, ஒரு பாத்திரம் போதும். செய்ய வேண்டியவற்றை எழுத ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். அது நோட்டாயினும் சரி, கைப்பேசியாயினும் சரி. இரண்டு இடங்களில் எழுதினால், எழுதப்படாதது மற்றதில் இருக்கும் என்று ஒவ்வொன்றும் நம்மை ஏமாற்றும்.

இரண்டாவது, புதிய கருவி கைக்கு வந்தால் பத்து நாள் தவணை வையுங்கள். அதற்குள் பழையதை விடுத்துப் புதியதை ஏற்பதா, புதியதை வேண்டுவோர்க்குக் கொடுத்துவிடுவதா என்று தீர்மானியுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்வது என்பது தீர்மானம் ஆகாது.

மூன்றாவது, பழையது குறையுடையதாய்த் தோன்றினால் முதலில் ஒட்டுப்போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறை நோட்டில் இராது; நாம் அதனைத் திறவாமையில் இருக்கும்.

நான்காவது, பதினைந்து நாளுக்கொருமுறை பிக்கு சங்கம் கூடிப் பாதிமோக்கம் ஓதித் தம் ஒழுக்கத்தைச் சோதித்துக்கொள்கிறது. நாமும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நம் நோட்டைத் திறந்து கால் மணி நேரம் பார்ப்போம். செய்தது எது, செய்யாதது எது, இனிச் செய்யவே வேண்டாதது எது என்று பார்த்து, வேண்டாததை அடித்துவிடுவோம். ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரிவதில்லை. அதன்பின் நோட்டை மூடிவிட்டு, யாரை நான் மறந்தேன் என்று ஒரு கணம் கண்மூடிக் கேட்போம். அக்கேள்விக்கு விடை பெரும்பாலும் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிராது.

அந்த அம்மையாரைப் பற்றி அறிய விரும்புவீர்கள். சங்கத்துப் பெண்கள் முறைவைத்துச் சென்று அவரைப் பேணினர். ஆறு மாதங்களுக்குப் பின் கோலூன்றி ஒரு பௌர்ணமிக் கூட்டத்திற்கு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அன்று யான் என் ஏழு பதிவேடுகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பழைய நீள நோட்டை எடுத்து வந்தேன். அவர் குடும்பத்திற்குரிய பக்கத்தைத் திறந்தேன். அதில் முன்னாள் காரியதரிசியின் கோணல் எழுத்தில், கணவர் மறைந்த நாளின் கீழே, "மாதம் ஒருமுறை நேரில் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. அவ்வரியைப் படிக்காமலே அந்த நோட்டை யான் ஓராண்டுக்கு முன்பு ஒதுக்கிவைத்திருந்தேன்.

நம் கைச்சுமை குறைக! கண் தெளிக! மறவாமை என்னும் அறம் நம்மிடத்தே வளர்க! எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக!

நமோ புத்தாய.